டெனியின் கராஜில் ஏழாம் சுற்று

டெனி ஸ்கார்பெல்லோவின் கராஜ் இப்போது ஓர் இளம் தம்பதியிடம் இருக்கிறது. உள்ளே இரண்டு சைக்கிள்களும் ஒரு குழந்தை வண்டியும் நிற்கின்றன. நல்ல பிள்ளைகள்தான், பார்த்தால் கையசைக்கிறார்கள். ஆனாலும் ஏப்ரல் கடைசியில் அந்தத் தெருவில் நடந்தால் அந்தக் கதவைத் திரும்பிப் பார்க்காமல் என்னால் போக முடிவதில்லை.

முன்பெல்லாம் அந்த வாரக் கடைசியில், கல்லூரியில் ஆடி முடித்த பையன்களை அமெரிக்க ஃபுட்பால் அணிகள் ஏழு சுற்றாக முறைவைத்துப் பொறுக்கும் இரண்டு நாளும், நாங்கள் மூன்று பேரும் அந்தக் கராஜில்தான் கிடப்போம். டெனி சைலன்சர் கடைக்காரன். டுவேன் மேப்ரி நகரப் பேருந்து ஓட்டினான். நான் கஸ், தபால்காரன். எங்கள் ஊர் பஃபலோவில் அப்போதும் குளிர் விட்டிருக்காது. ஏரிக்காற்று கதவிடுக்கில் ஊளையிடும். எண்ணெய் நாற்றத்துக்கு நடுவே கோழி இறக்கையும் பீரும் இருக்கும்.

எங்கள் ஊர் அணி யாரையாவது எடுத்ததும் டெனி பாய்ந்து போய் டிவியின் சத்தத்தை அணைத்துவிடுவான். கோட்டுப் போட்ட நிபுணர்கள் வாயைத் திறக்கும் முன்பே நாங்கள் மார்க் போட்டாக வேண்டும். கதவின் உள்பக்கம் சாக்கட்டியால் பையன் பேர், பக்கத்தில் ஏ, பி, சி. ஃபெயில் என்றால் ஆளுக்கொரு காலி பீர் டப்பாவை அந்தப் பேரின் மேல் வீசுவோம். அடேயப்பா, என்ன சத்தம்! நாங்கள் ஏ போட்ட ஒருவன் இரண்டே வருடத்தில் காணாமல் போனான். டப்பா வீசிய ஒருவன் பதினொரு வருடம் ஆடினான், டெனி வெட்கமே இல்லாமல் தன் நாய்க்கு அவன் பேரை வைத்தான். தொடர்ந்து நான்கு முறை இறுதி ஆட்டத்தில் தோற்ற ஊர்க்காரர்களுக்கு வேறு என்னதான் விளையாட்டு இருக்கிறது?

டுவேனின் மகன் கார்வின் இந்தக் கூச்சலுக்குள் வளர்ந்தவன். அந்த வருடம் அவனும் கல்லூரி முடித்து, பொறுக்கப்படக் காத்திருந்தான். கடைசி வரிசையில் நின்று, எதிராளிக்கு வரும் பந்தை மறிக்கிற ஆட்டக்காரன். பெரிய கல்லூரி இல்லை. ஆனால் எங்கள் அணியின் ஆள் ஒருவர் அவன் வீட்டுக்கே வந்து, டுவேனின் மனைவி யுவோன் செய்த பொரித்த மீனை இரண்டு தட்டு தின்றுவிட்டு, "ஏழாவது சுற்று வரைக்கும் டிவி பக்கத்துலயே இருங்க" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் டுவேன் வழக்கம்போல கராஜுக்கு வந்து நின்றான்.

"ஏண்டா, உனக்குப் பைத்தியமா? பையன் பக்கத்துல இருக்க வேண்டாமா?" என்றேன்.

"அவனே துரத்திட்டான். நான் குறுக்கும் நெடுக்கும் நடக்கறது அவனுக்குத் தாங்கலையாம். யுவோன் இருக்கா."

"சரி உட்காரு. இறக்கை தின்னு," என்றான் டெனி. "இன்னிக்கு உன் பையனுக்கு ஏ பிளஸ். இப்பவே சொல்லிட்டேன்."

"ஆடறதைப் பார்த்து மார்க் போடுடா. முகத்தைப் பார்த்துப் போடாத."

டுவேன் ஒரு இறக்கையைக்கூடத் தொடவில்லை. நான்காம் சுற்று போனது. ஐந்தும் ஆறும் போயின. எங்கள் அணி எடுத்த யாருக்கும் நாங்கள் சரியாக மார்க் போடவில்லை. டெனி பாட்டுக்கு எல்லோருக்கும் சி எழுதிக்கொண்டு போனான். இருபத்திரண்டு வயதுப் பையன்களை ஆட்டுச்சந்தையில் பார்ப்பதுபோல இத்தனை வருடம் பார்த்திருக்கிறோமே என்று அன்றுதான் எனக்கு உறைத்தது. மனசுக்குள் கன்னி மேரியிடம் கெஞ்சிக்கொண்டிருந்தேன். டெனியும் அதைத்தான் செய்திருப்பான், ஒத்துக்கொள்ள மாட்டான்.

ஏழாம் சுற்றில் எங்கள் அணிக்கு மிச்சமிருந்தது ஒரே ஒரு முறை. அதற்குப் பிறகு மற்ற அணிகளுக்கும் நாலைந்துதான். கார்வினைத் தேடி வந்த அணி எங்களுடையது ஒன்றுதான். இது போனால் எல்லாம் போனது.

திரையில் பேர் வந்தது. கடைசி வரிசை ஆட்டக்காரன்தான். ஆனால் கார்வின் இல்லை. உருளைக்கிழங்குக்குப் பேர்போன ஐடஹோவிலிருந்து யாரோ டாரன் ஹால்வெர்சன்.

டெனி சத்தத்தை அணைத்தான்.  பிறகு அவன் வாயில் வந்த வார்த்தைகளை எழுத முடியாது.

"எவன்டா அவன்? உருளைக்கிழங்கு பறிக்கிற பயலா? ஃபெயில்! டபுள் ஃபெயில்!" கதவில் பேரைக் கிறுக்கிவிட்டு டப்பாவை ஓங்கினான். நானும் ஓங்கினேன். ஓங்காமல் இருக்க முடியவில்லை.

"கீழ போடுங்க ரெண்டு பேரும்," என்றான் டுவேன்.

"டேய், இவனுங்க உன் வீட்டு மீனைத் தின்னுட்டுப் போய்..."

"டெனி, கீழ போடு. இந்நேரம் ஐடஹோவுல ஒருத்தன் வீட்டுல குதிச்சுக்கிட்டு இருப்பான். அவனோட அப்பன் அழுதுக்கிட்டு இருப்பான். அந்தப் பேரு மேல நீ டப்பா எறிவியா?"

நாங்கள் கீழே போட்டோம். டுவேன் டெனியின் கையிலிருந்து சாக்கட்டியை வாங்கிக்கொண்டான்.

"இவன் ஆட்டத்தை ரெண்டு தடவை பார்த்திருக்கேன். பந்து காத்துல இருக்கும்போதே திரும்பி அது விழற இடத்துக்கு ஓடிடறான். கார்வின் அரை அடி லேட்டு. அவன் பள்ளிக்கூடத்துல ஆடினப்பவே எனக்குத் தெரியும். காலைல பஸ்ஸை எடுக்கறதுக்கு முன்னால அவனைக் கூட்டிட்டுப் போய்ப் பழக்கிப் பார்த்தேன். அந்த அரை அடி போகவே இல்லை."

ஹால்வெர்சன் பேருக்குப் பக்கத்தில் 'பி பிளஸ்' என்று எழுதினான். எழுத்து கோணாமல் நேராக விழுந்தது.  இவனுக்கு நெஞ்சில் இருப்பது கல்லா என்று ஒரு கணம் கோபம்கூட வந்தது.

அப்போது அவன் சட்டைப் பையில் போன் அடித்தது. கார்வின்தான். அந்தக் காலத்துப் போன் ஊருக்கே கேட்கும்.

"அப்பா, பார்த்தீங்களா?"

"பார்த்தேன்யா."

"அந்த ஐடஹோ பையனுக்கு என்ன மார்க் போட்டீங்க?"

டுவேன் எங்கள் இருவரையும் பார்த்தான். நான் தலையை ஆட்டினேன், சொல்லாதே என்று. அவனுக்குப் பொய் சொல்ல வராது.

"பி பிளஸ்."

 பையன் சிரித்தான், இல்லை, சிரிக்கப் பார்த்தான்.

"கஞ்சத்தனம் பண்ணாதீங்கப்பா. ஏ போடுங்க. அவன் என்னைவிட நல்லா ஆடறான். டெனி அங்கிள் கண்டபடி திட்டுவாரு, திட்ட வேண்டாம்னு சொல்லுங்க. அம்மா மூணு பேரையும் சாப்பிட வரச் சொன்னாங்க. நீங்க ஒண்ணும் தின்னிருக்க மாட்டீங்க, எனக்குத் தெரியும். மெதுவா ஓட்டிட்டு வாங்க."

போன் அணைந்தது. டுவேன் அதைப் பைக்குள் வைக்கப் போனான், பை எங்கே என்றே தெரியவில்லை அவனுக்கு. பழைய டயர் ஒன்றின் மேல் உட்கார்ந்தான். பகல் முழுக்க நிமிர்ந்தே இருந்த மனிதன் முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டு உடம்பு குலுங்க அழுதான். டெனி அவன் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டான். எனக்கு எங்கே நிற்பதென்று தெரியவில்லை.

"கஸ்," என்றான் டுவேன், கையை எடுக்காமலே. "இப்படி ஒரு பையனைப் போய் வேண்டாம்னுட்டானுங்களேடா."