இருபத்தைந்தாவது விடைத்தாள்

துறை அலுவலக எழுத்தரம்மாவுக்கு அனுமதிப் படிவங்களைக் கண்டாலே பற்றிக்கொண்டு வரும். புள்ளியியல் வகுப்பில் இருப்பது இருபத்துநாலு இடம். அது நிரம்பி மூன்று வாரமாகியும், "ஆர்வம் அதிகம்" என்று எழுதிக்கொண்டு வந்து உயிரை வாங்குவார்கள்.

அன்று வந்தவள் ஆஸ்பத்திரி சலவைப் பிரிவில் வேலை பார்ப்பவள், சீருடையோடேயே வந்திருந்தாள். காரணம் கேட்ட கட்டத்தில் ஒரே வரி: "முதல் நாளிலிருந்து வந்துகொண்டிருக்கிறேன்."

"சேராமலேயா? எங்க உக்காந்த?"

"உக்காரலைக்கா. வராந்தாவுல ஜன்னலோரமா நின்னு எழுதிக்கிட்டேன்."

எழுத்தரம்மா படிவத்தைப் பேராசிரியரிடம் தானே கொண்டுபோனார். யாருக்கும் மசியாத மனிதர் அவர். படிவத்தின் கையெழுத்தைப் பார்த்ததுமே இழுப்பறையிலிருந்து மூன்று விடைத்தாள்களை உருவினார். ஒன்றிலும் பதிவு எண் இல்லை. மூன்றிலும் முழு மதிப்பெண்.

"வாரா வாரம் விடைத்தாள் போடுற பெட்டியில ஒண்ணு கூடுதலா விழுது. யாரோடதுன்னு மண்டையை உடைச்சுக்கிட்டிருந்தேன்மா!" என்று கையெழுத்துப் போட்டவர் தலையைச் சொறிந்தார். "சரி, நாற்காலிக்கு எங்க போறது?"

துறைத் தலைவரே வந்தாலும் எழுந்திருக்காத எழுத்தரம்மா, தன் நாற்காலியை வகுப்பறைக்குத் தள்ளிக்கொண்டு போனார். அன்று முழுக்க நின்றுகொண்டே வேலை பார்த்தார்.