எட்டுக்கு ஆறில் ஒரு சேற்று ரூம்

கோகிலவாணி வீட்டுப் பின்வாசலில் சேறு கழற்றுவதற்கும் துணி துவைப்பதற்கும் சேர்த்து ஒரு ரூம் வரப்போகிறது. எட்டடிக்கு ஆறடி. இன்னும் கட்ட ஆரம்பிக்கவில்லை. தரையில் சுண்ணாம்புக் கோடு மட்டும் போட்டிருந்தார்கள். ஆனாலும் அது பூட்டியிருந்தது.

ஆகவே எல்லோரும் சுற்றிக்கொண்டு போனார்கள். மாமியார் நாச்சம்மாள் மட்டும் பழக்கதோஷத்தில் கோட்டைத் தாண்டப் போய் நெற்றியில் இடித்துக்கொண்டாள். மஞ்சள் பற்றுப் போட்டார்கள். வீக்கம் சதுரமாக இருந்தது.

ரூம் வேண்டுமென்று கேட்டது கோகிலவாணிதான். பொள்ளாச்சிப் பக்கத்துச் செம்மண் லேசில் விடாது. புருஷன் சென்னியப்பன் தென்னந்தோப்புக்குப் போய்விட்டு வந்தால் பாதித் தோப்பு அவன் காலோடு வரும். போன மழைக்கு அவன் வேட்டியிலிருந்து உதிர்ந்த சேற்றில் ஹாலில் ஒரு தென்னம்பிள்ளை முளைத்துவிட்டது. சோபாவைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டார்கள்.

பத்தொன்பது வருஷமாகத் தரையைத் துடைக்கிறவள் அவள். துணியைத் துவைக்கிறவளும் அவள். சேறு பின்வாசலோடு நிற்கட்டும், கழற்றிய துணி அங்கேயே மெஷினுக்குள் போகட்டும் என்று சொன்னாள். சென்னியப்பன் இரண்டு நாள் யோசித்தான். பிறகு ஊருக்குள் போய் அதைத் தன் யோசனை என்று சொல்லிவிட்டு வந்தான்.

பிளானைப் பார்க்கப் பஞ்சாயத்து அலுவலகத்திலிருந்து திருமலைசாமி என்பவர் வந்தார். கக்கத்தில் குடை. குடைக்குள் மட்டும் மழை பெய்துகொண்டிருந்தது. அதனால் அவர் அதை விரிப்பதில்லை.

அவர் யார் பெயரையும் கேட்கவில்லை. செருப்பு எங்கே கிடக்கிறது என்று கேட்டார். ரூமில் செருப்பு வைக்க ஆளுக்கொரு மாடம் வேண்டுமாம். எத்தனை ஆள் என்று செருப்பைப் பார்த்துத்தான் எழுதவேண்டுமாம். செருப்பு கிடக்கிற வீட்டில்தான் ஆள் குடியிருக்கிறது என்பது விதி.

வாசலில் சென்னியப்பனின் தோல் செருப்பு ஒரு ஜோடி கிடந்தது. நாச்சம்மாளின் நீல வார் ரப்பர் செருப்பு ஒரு ஜோடி. அப்புறம் ஓர் இடது கால் செருப்பு. பால்காரர் ஆறுச்சாமி இரண்டு வருஷத்துக்கு முன்னால் வார் அறுந்துபோய்க் கழற்றிப் போட்டுவிட்டுப் போனது. அதையும் குனிந்து பார்த்து, அரை ஆள் என்று எழுதினார்.

கோகிலவாணிக்குச் செருப்பு கிடையாது. வாங்கக்கூடாதென்று யாரும் சொல்லவில்லை. பல வருஷத்துக்கு முன்பு ஒரு கல்யாண மண்டபத்தில் அவள் ஜோடி தொலைந்துபோனது. அதன்பிறகு வாசலில் எது கிடக்கிறதோ அதை மாட்டிக்கொண்டு போவாள். கடைக்கு மாமியாருடையது. துணி காயப்போடப் புருஷனுடையது. போய்வந்து கழற்றிப் போட்டால் வேலை முடிந்தது.

"நீங்க யாருங்?" என்றார் திருமலைசாமி.

"இந்த வீட்டுக்காரிங்க."

"செருப்பு?"

"இல்லீங்க."

"அப்ப வந்திருக்கறீங்."

விருந்தாளி ஒன்று என்று எழுதினார். கோகிலவாணி புருஷனைப் பார்த்தாள். அவன் தாளை எட்டிப் பார்த்தான்.

"பேனாவுல எழுதிட்டாரு" என்றான்.

மிச்ச விதியைத் திருமலைசாமி நிதானமாகச் சொன்னார். அனுமதி வர மூன்று நாள் ஆகும். அதுவரை எல்லோரும் எழுதியபடி இருக்கவேண்டும். விருந்தாளி துணியைத் தொடக்கூடாது. மூன்றாம் நாள் விளக்கு வைப்பதற்குள் கிளம்பிவிட வேண்டும். தங்கிவிட்டால் வந்ததே கிடையாது என்று ஆகிவிடும். பத்தொன்பது வருஷத்துக்கும் சேர்த்துத்தான். சொல்லிவிட்டுச் சுண்ணாம்புக் கோட்டோரம் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

அன்று சாயங்காலம் நாச்சம்மாள் தன் கையால் காப்பி போட்டுக் கொண்டுவந்து கொடுத்தாள். எதிரில் உட்கார்ந்தாள்.

"எந்த ஊருங் அம்முணி?"

"தாராபுரங்க, அத்தை."

"தாராபுரத்துல இருந்துதானுங் எங்களுக்கும் ஒரு மருமக."

கோகிலவாணி காப்பியை ஆற்றினாள். "எப்படிங்க, நல்லவங்களா?"

நாச்சம்மாள் யோசித்தாள். "நல்ல புள்ளைதானுங். காப்பிக்குச் சக்கரைதான் கையே வராது. நான் அவகிட்டச் சொன்னதில்லீங். நீங்களும் சொல்லிக்காதீங்."

சொல்லமாட்டேன் என்றாள் கோகிலவாணி. டம்ளரில் சர்க்கரை பாயசம் மாதிரி இருந்தது. முழுக்கக் குடித்தாள்.

பொய் சொல்வானேன், அவளுக்கு விருந்தாளியாக இருப்பது பிடித்துத்தான் இருந்தது. மத்தியானங்களில் படுத்துத் தூங்கினாள். ஃபேன் அவள் பக்கமாகத் திரும்பிக்கொண்டது. மறுநாள் ஆறுச்சாமி ஒரு பையோடு குடிவந்தார். அரை ஆள் என்பதால் மத்தியானம்வரை மட்டும் இருந்தார். சோபாவில் பாதி இடத்தில் கூச்சத்தோடு உட்கார்ந்து, பயணம் எல்லாம் சௌகரியமா என்று அவளை விசாரித்தார்.

அழுக்குத் துணி சேர்ந்துகொண்டே போனது. சென்னியப்பன் மெஷின் முன்னால் நின்று நயமாகக் கேட்டுப் பார்த்தான். மெஷின் பதில் சொல்லவில்லை. இரண்டாம் நாள் துணிக்குவியல் அவன் உயரத்துக்கு வந்தது. மூன்றாம் நாள் காலையில் எழுந்து போய் ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டது. ஆறுச்சாமி அதற்கும் வணக்கம் வைத்தார்.

மூன்றாம் நாள் சாயங்காலம் சென்னியப்பன் ஒரு தாம்பாளத்தோடு வந்தான். வெற்றிலை பாக்கு, மஞ்சள், குங்குமம், ரவிக்கைத் துணி, தோப்பில் நல்ல காயாகப் பார்த்து எடுத்த ஒரு தேங்காய். வீட்டுக்கு வந்த சுமங்கலியை வெறுங்கையோடு அனுப்புகிற குடும்பமில்லை அது.

"அடிக்கடி வந்து போங்க" என்றான்.

"ஏனுங்க, என்னைத் தெரியலீங்களா?"

"தெரியாம என்னங்க. எங்கியோ பார்த்திருக்கறேன்." சொல்லும்போது அவன் குரல் கொஞ்சம் கம்மியது. விருந்தாளி கிளம்பினால் அவனுக்கு எப்போதுமே அப்படித்தான்.

கோகிலவாணி தேங்காயை முந்தானையில் முடிந்துகொண்டு பின்வாசலுக்கு வந்தாள். வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. திருமலைசாமி பேனாவைத் திறந்து வைத்திருந்தார். அவள் படியிறங்கினாள். கால் தன் பாட்டுக்குத் துழாவிக் கிட்டத்தில் கிடந்ததை மாட்டிக்கொண்டது. நடந்தாள்.

பின்வாசலிலிருந்து கேட்டுக்குப் பன்னிரண்டு எட்டுத்தான். அன்றைக்கு அது நீண்டுகொண்டே போனது. நடுவில் ஒரு பஸ் நிறுத்தம்கூட வந்தது. அவள் நிற்கவில்லை. கேட்டைத் தொட்டபோதுதான் காலைக் கவனித்தாள். புருஷனுடைய தோல் செருப்பு. நாலு விரற்கடை பெரியது. சேறு அப்பியிருந்தது.

அடுத்தவர் செருப்பைப் போட்டுக்கொண்டு ஊருக்குப் போக முடியுமா? திரும்பி நடந்தாள். இந்தத் தடவை பன்னிரண்டே எட்டு.

குழாயடியில் செருப்பைக் கழுவினாள். சுண்ணாம்புக் கோட்டுக்குள் முதல் மாடம் இருக்கப்போகிற இடத்தில் ஜோடியாக வைத்தாள். எங்கோ தாழ்ப்பாள் விலகுகிற சத்தம் கேட்டது. தாராளமாக உள்ளே காலை வைத்தாள். நெற்றியில் எதுவும் இடிக்கவில்லை.

திருமலைசாமி தாளிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை. சற்றுமுன் அதில், சென்னியப்பன் வெளியே போயிருக்கிறார் என்று எழுதியிருந்தார். இப்போது கீழே, வந்துவிட்டார் என்று எழுதினார்.

"வாங்க சென்னியப்பன். தோப்புல மழைங்களா?"

கோகிலவாணி வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். உள்ளே சுவிட்சைப் போட யாரோ எழுந்து போகிற சத்தம் கேட்டது.

"நல்ல மழைங்க" என்றாள்.

"விருந்தாளி கிளம்பியாச்சுங்களா?"

"இப்பத்தானுங்க. கேட்டுவரைக்கும் போயி விட்டுட்டு வந்தேன்."

அவர் முத்திரையைக் குத்தினார். குடையை எடுத்துக்கொண்டு, நனையாமல் போய்ச் சேர்ந்தார். வீட்டில் விளக்கு எரிந்தது.

ஹாலில் தென்னம்பிள்ளைக்குப் பக்கத்தில் சென்னியப்பன் உட்கார்ந்திருந்தான். சோபாவின் நுனியில், துண்டை மடித்து மடியில் வைத்துக்கொண்டு, அடுத்தவர் வீட்டில் உட்காருகிற மாதிரி. அவளைக் கண்டதும் எழுந்து கும்பிட்டான்.

சமையலறையிலிருந்து நாச்சம்மாள், "சென்னியப்பா, வந்துட்டியா சாமி?" என்றாள்.

"வந்துட்டேங்மா" என்றாள் கோகிலவாணி. பிறகு அவனை உட்காரச் சொன்னாள். "காப்பி சாப்பிடறீங்களா?"

"எதுக்குங்க சிரமம். கெளம்பலாம்னுதான் பாக்கறேன்." அவன் வாசற்பக்கம் ஒரு பார்வை பார்த்தான். "செருப்பைத்தான் காணமுங்க."

"எப்படி இருக்குமுங்க?"

"தோல் செருப்புங்க. கொஞ்சம் பெருசு."

கோகிலவாணி எட்டிப் பார்த்தாள். முதல் மாடத்தில் செருப்பிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"தோல் செருப்பு ஒரு ஜோடிதானுங்க இருக்குது" என்றாள். "அது என்னோடதுங்க."

அவன் தலையாட்டினான். ஜன்னலோரத் துணிக்குவியலும் ஆமோதிக்கிற மாதிரி லேசாகச் சரிந்தது. அவன் அனிச்சையாக அதைத் தாங்கப் போனான். அவள் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"நீங்க அதையெல்லாம் தொடக்கூடாதுங்க. நல்லாச் சாஞ்சு உக்காருங்க. செருப்பை மெதுவாத் தேடிக்கலாம். மூணு நாள் இருக்குதுங்களே."