நான்கு வரிசைக்கு நான்கு பொக்ஸ்

ராஜரத்தினத்தின் வேனில் அவரைத் தவிர நான் ஒருவன்தான் ஆம்பிளை. மற்றதெல்லாம் கலஹாவிலிருந்து கார்மண்டுக்குத் தைக்கப் போகிற பெண்கள். நான் கண்டி டவுனில் மொத்தக் கடைகளுக்கு மூட்டை இறக்குகிறவன். வழியில் என்னை இறக்கிவிடுவார், மாலையில் ஏற்றிக்கொள்வார். கடைசி வரிசை மூலை என்னுடைய இடம். உட்கார்ந்தால் தூக்கம்தான்.

காலையில் யாருக்கும் பாட்டுத் தேவையில்லை, எல்லோரும் தூங்கி வழிவார்கள். மாலையில் பாட்டு இல்லாமல் வேன் நகராது. நாள் முழுக்க மெஷின் சத்தத்தில் இருந்துவிட்டு வருகிறவர்களுக்கு இன்னும் எதற்குச் சத்தம் என்று நான் யோசித்ததுண்டு. கேட்டதில்லை.

வேனில் பாட்டுக்கென்று இருந்தது முன் கதவு இரண்டிலும் ஒவ்வொரு ஸ்பீக்கர் பொக்ஸ். பின்னுக்கு ஒன்றுமில்லை. என் பக்கத்தில் இருக்கும் கலாராணிதான் ஒரு நாள் வாயைத் திறந்தாள்.

“அண்ணே, பாட்டெல்லாம் முன்னுக்கு உள்ளவங்களுக்கு. எங்களுக்கு டயர் சத்தம்.”

“டயரும் நல்லாத்தான் பாடும் தங்கச்சி,” என்றார் ராஜரத்தினம்.

“பாடட்டும். நம்ம ரூட்லயே ஓடுற சுதேஷோட வேன்ல பின்னுக்கும் பொக்ஸ் இருக்காம். வர்ற திங்கக்கெழம வரைக்கும் பாப்போம். அப்புறம் பின்னுக்கு உள்ள நாங்க நாலு பேரும் அதுல போயிருவோம்.”

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் அவள் போனால் மற்றவர்களும் ஒவ்வொருவராகப் போவார்கள் என்பது அவருக்குத் தெரியும். ஸ்கூல் பிள்ளைகளை ஏற்றுகிற ஹயர் போன வருஷமே கைவிட்டுப் போனது. இதுவும் போனால் வேனை லயத்து வீட்டுக்குப் பக்கத்தில் நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

தோட்டத்தில் தீபாவளிக்கு ஆடு அடித்தால் பங்கு போடுகிறவர் ராஜரத்தினம். வாழையிலையில் வரிசையாகக் கூறு வைப்பார். எலும்பு ஒரு கூறுக்குக் கூடி இன்னொன்றுக்குக் குறையாது, ஈரலைக்கூட எண்ணி வைப்பார். அந்தக் கணக்கைத்தான் வேனுக்கும் போட்டார். ஒரு வரிசைக்குக் கொடுத்து இன்னொரு வரிசைக்குக் கொடுக்காவிட்டால் சண்டை வரும். அதனால் நான்கு வரிசைக்கும் நான்கு பொக்ஸ் வாங்கி, ஜன்னலுக்குக் கீழே ஒவ்வொன்றாகப் பூட்டினார். முன் கதவோடு சேர்த்து ஆறு. ஆறையும் கடைசி சீட்டுக்கு அடியில் இருந்த, பாட்டுக்குச் சத்தம் கூட்டிக் கொடுக்கிற சின்ன அம்ப்பில் வயரால் கொழுவினார்.

புதன்கிழமை மாலை இரண்டு பாட்டு நன்றாகப் போனது. பேராதனை தாண்டி ஏற்றம் தொடங்கும்போது மூன்றாவது பாட்டு பாதியில் நின்றது. அம்ப்பைத் தொட்டுப் பார்த்தேன். ரொட்டி சுடலாம். பத்து நிமிஷம் கழித்துத் தானாகப் பாடியது, திரும்ப நின்றது.

“பாட்டுக்கும் ஏத்தம் ஏற மூச்சு வாங்குது போல,” என்றாள் இரண்டாம் வரிசை பாலம்மா. வேனே சிரித்தது. ராஜரத்தினம் சிரிக்கவில்லை.

வியாழனும் வெள்ளியும் அதே கதைதான். ஞாயிற்றுக்கிழமை என்னையும் கூட்டிக்கொண்டு அலவத்துகொடைக்குப் போனார். அங்கே தாஸிம் நானா வாகனங்களுக்குப் பாட்டு செட் பூட்டிக் கொடுக்கிறவர். சீட்டைத் தூக்கிப் பார்த்தார்.

“எத்தன பொக்ஸ் கொழுவி ஈக்கி?”

“ஆறு, நானா.”

“இந்த அம்ப்புக்கு ரெண்டு பக்கம். பக்கத்துக்கு ஒண்டுதான் தாங்கும். நீங்க மூணு மூணு போட்டு ஈக்கிறீங்க. எல்லாத்துக்கும் ஒரேயடியா குடுக்கப் பாத்து, சூடாகி, தானா நிப்பாட்டிக்கிது. நல்ல நேரம் எரியல்ல.”

“பெரிய அம்ப் போட்டா?”

“போடலாம். இந்த வண்டி பெட்றி தாங்காதே. லைட்டயும் போட்டா வண்டியே நிண்டுரும்.”

எனக்கு அது உடனே விளங்கியது. ஒரு கழுத்தில் மூன்று மூட்டை ஏற்றினால் ஒரு மூட்டையும் கடைக்குப் போய்ச் சேராது.

தாஸிம் நானா முன் கதவுப் பொக்ஸ் இரண்டையும் கழற்றி, பின் கதவுக்கு மேலே இரண்டு மூலையிலும் முன்பக்கம் பார்த்தபடி பூட்டினார். அந்த இரண்டுக்கு மட்டும் வயர் கொடுத்தார். பாட்டைப் போட்டுவிட்டு என்னை ஒவ்வொரு வரிசையாக உட்காரச் சொன்னார். பின்னுக்குக் கொஞ்சம் கூட, முன்னுக்குக் கொஞ்சம் குறைய. ஆனால் எல்லா இடத்திலும் சொல் சொல்லாகக் கேட்டது. அரை மணித்தியாலம் ஓடியும் அம்ப் கைச்சூட்டுக்கு மேலே போகவில்லை.

ராஜரத்தினத்துக்குத் திருப்தியில்லை. “ரெண்டுதானா? பாலம்மா கேப்பாளே, எங்க வரிசைக்கு எங்கன்னு.”

“சத்தம் வருதுல்ல,” என்றேன்.

“சத்தம் வரும். பொக்ஸ் இல்லியே.”

தாஸிம் நானா மிச்ச நான்கையும் கழற்ற ஸ்குரூ டிரைவரை எடுத்தார்.

“வேணாம் நானா, அதுக அப்பிடியே இருக்கட்டும்.”

“வயர் இல்லாமலா?”

“இருக்கட்டும்.”

வரும் வழியில் என்னிடம் சொன்னார், “நீ வாயத் தொறக்காத.”

“நான் எப்ப தொறந்தேன்? ஏறுனதும் தூங்குறவன்.”

திங்கள் மாலை பாட்டுப் போட்டார். பின்னால் புதிதாகத் தெரிந்த இரண்டையும் பார்த்து, “அது என்னாண்ணே?” என்று யாரோ கேட்டதற்கு, “எக்ஸ்ட்ரா” என்றார். ஏற்றத்திலும் பாட்டு நிற்கவில்லை.

பாலம்மா தன் பக்கத்துப் பொக்ஸைத் தட்டிக் காட்டினாள். “எங்களதுதான் நல்லா அடிக்குது. மொத வரிசையில கொஞ்சம் கம்மி.”

“போங்கக்கா,” என்றாள் முதல் வரிசை சிந்துஜா. “எங்களதுதான் கிளியரு.”

நான் தூங்குகிறவன் போலக் கண்ணைப் பாதி மூடியிருந்தேன். தூக்கம் வரவில்லை. ராஜரத்தினம் கண்ணாடியில் பின்னுக்கே பார்த்துக்கொண்டு வந்தார்.

கலாராணி பத்து வருஷமாகக் காலர் தைக்கிறவள். மெஷின் ஓடுவதும் நிற்பதும் அவளுக்குக் கையை வைத்தாலே தெரியும். ஜன்னலுக்குக் கீழே இருந்த பொக்ஸில் உள்ளங்கையை வைத்தாள். எடுத்தாள். திரும்பவும் வைத்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். நான் வெளியே தேயிலையைப் பார்த்தேன்.

கலஹா சந்தியில் பெண்கள் எல்லோரும் இறங்கினார்கள். அவள் கடைசியாக இறங்கினாள். பாட்டு ஓடிக்கொண்டே இருந்தது. போகிற போக்கில் மற்ற மூன்று பொக்ஸிலும் கையை வைத்துப் பார்த்துவிட்டு டிரைவர் ஜன்னலுக்கு வந்தாள்.

“அண்ணே, அந்த நாலுலயும் உசுரு இல்ல.”

ராஜரத்தினம் ஸ்டியரிங்கில் இருந்து கையை எடுக்கவில்லை. “ரெண்டுக்குத்தான் தாங்கும் தங்கச்சி. பாட்டு கேட்டுச்சுதானே?”

“கேட்டுச்சு.”

பேக்கரி வாசலில் பாலம்மாவும் சிந்துஜாவும் இன்னும் யாருடைய பொக்ஸ் நல்லது என்று கதைத்துக்கொண்டிருந்தார்கள். கலாராணி கொஞ்ச நேரம் அவர்களைப் பார்த்தாள்.

“பின்னால உள்ள ரெண்டுதான் பாடுதுன்னு அவங்ககிட்ட சொன்னா நாளைக்கே எல்லாரும் பின்னுக்கு ஏறிக்குவாங்க. அப்ப நான் எங்க இருக்கிறது?” என்றாள். பிறகு, “காலையில பிந்தாம வாங்க. மழைல பஸ் ஹோல்ட்ல நிக்க ஏலாது.”

பையைத் தோளில் போட்டுக்கொண்டு போனாள்.

ராஜரத்தினம் வண்டியை எடுக்காமல் இருந்தார். “சுதேஷ் வேனப் பத்தி ஒண்ணும் சொல்லலியே.”

“பிந்தாம வரச் சொன்னிச்சே,” என்றேன்.

அதைக் கொஞ்சம் யோசித்துவிட்டு கியரைப் போட்டார்.