தாய்ப் படம் ஒட்டும் கட்டம்

கடையில் விற்கிற ஒவ்வொரு நாய்க்குட்டிக்கும் தாய் யார் என்று காட்ட வேண்டும் எனச் சட்டம் வந்தது. மூன்றாம் நாள், என் கடைக் குட்டியின் தாய் நான்தான் என்று அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. தப்பு என்னுடையதுதான். படிவத்தில் படம் ஒட்ட ஒரு கட்டம் இருந்தது. இருபது வருடமாகக் கட்டத்தைக் கண்டால் என் படத்தை ஒட்டியே பழக்கம். மேலே ‘தாய்’ என்று போட்டிருப்பதை எவன் படித்தான்?

குட்டியைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு அலுவலகத்துக்குப் போனேன். நாலு மணிக்குள் தாய் தெரியாத குட்டியை அலமாரியில் வைத்துப் பூட்டிவிடுவார்கள். பிறகு திறப்பதில்லை. அலுவலக நடை நீண்டுகொண்டே போனது. குட்டி முனகும்போதெல்லாம் நடையோரம் புதிதாக இரண்டு அறை கூடியது. அதன் வாயில் சுண்டுவிரலைக் கொடுத்துக்கொண்டே ஓடினேன்.

அதிகாரி பூங்கோதை மேடம் படத்தையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். மீசை ஒத்துப்போகிறது என்று எழுதிக்கொண்டார்.

தவறி ஒட்டிவிட்டேன் என்றேன். அப்படியானால் இந்தக் குட்டி எங்கிருந்தும் வரவில்லை என்றாகும், அது அலமாரிக்குத்தான் என்றார். ஊழியர் ஒருவர் அலமாரியைத் திறந்துவைத்தார். உள்ளே சத்தமே இல்லை. மணி மூன்று ஐம்பத்தெட்டு.

“கடைசியாக் கேக்கறனுங்க, சென்னியப்பன். இதைப் பெத்தது யாரு?”

“நாந்தானுங்க.”

“எத்தனாவது ஈத்து?”

“தலையீத்துங்க.”

முத்திரை குத்தினார். அலமாரியை மூடினார்கள். அப்பாடா என்று இருந்தது. குட்டிக்கு எத்தனை வாரம் என்று கேட்டார். எட்டு முடிந்து ஒரு நாள் என்றேன், பெருமையாகவே. எட்டு முடிந்தால் தாயிடமிருந்து பிரித்து விற்கலாமாம், சட்டத்தில் இருக்கிறதாம். எனக்குப் பின்னால் குட்டி வாங்க வரிசையில் நின்ற அம்மாள் கூடையை நீட்டினார். குட்டியை என் சட்டைக்குள்ளிருந்து எடுத்து அதில் வைத்தார்கள். அது கூடையை மோந்து பார்த்தது. என்னைப் பார்க்கவில்லை.

நாற்பத்தாறு வயதில், அத்தனை பேர் முன்னால் அழுதேன். இருநூறு குட்டியாவது இப்படிக் கூடையில் வைத்துக் கொடுத்திருப்பேன். அதில் ஒரு தாயின் முகம்கூட எனக்குத் தெரியாது.

மேடம் பக்கத்து அறையின் கம்பிக் கதவைத் திறந்துவிட்டார். உள்ளே எங்கள் சங்கத்துக் கடைக்காரர்கள் ஏழெட்டுப் பேர் கோணிச் சாக்கில் படுத்திருந்தார்கள். யாரும் தலை தூக்கவில்லை.

“போய்ப் படுங்க. அடுத்த ஈத்து ஐப்பசியில.”

என் சட்டை மார்பில் இரண்டு இடத்தில் நனைந்திருந்தது. குனிந்து உள்ளே போனேன்.