பவுலினுக்குப் போன வலி

1993ஆம் ஆண்டு மழைக்காலத்தில், பெங்களூர் நீலசந்திராவில் லேத் பட்டறை வைத்திருந்த மதலைமுத்துவின் பாதங்களிலிருந்து உணர்வு விலகி, அவர் மனைவி பவுலினின் பாதங்களுக்குப் போய்ச் சேர்ந்தது. பட்டறையில் இரும்புச் சுருள் ஒன்று அவர் குதிகாலில் ஏறியபோது, இரண்டு தெரு தள்ளி வீட்டில் மாவரைத்துக்கொண்டிருந்த பவுலின் அலறினாள். அவள் காலில் காயமில்லை. அவர் செருப்பில் ரத்தம் இருந்தது, அவருக்குத் தெரியவில்லை. சர்க்கரையால் நரம்பு கெட்டிருக்கிறது என்றார் டாக்டர். அதிர்வு தெரிகிறதா என்று பார்க்க அவர் இசைக்கவையைத் தட்டி மதலைமுத்துவின் கால் கட்டைவிரலில் வைத்தபோது, வெளியே பெஞ்சில் இருந்த பவுலின் காலை உதறினாள். டாக்டர் கதவுவழியே எட்டிப் பார்த்துவிட்டு மாத்திரையைக் கூட்டி எழுதினார்.

தெரு சீக்கிரம் பழகிக்கொண்டது. "அண்ணே, பாத்து நடங்க. நீங்க கல்லுல இடிச்சிக்கினா அக்கா கைல இருக்கற பாலு கீழ போவுது" என்பாள் எதிர்வீட்டுச் சீதாலட்சுமி. அவர் சர்க்கரை ஏறிய நாட்களில் பவுலினின் உள்ளங்கால் எரிந்தது.

"ஓட்டல்ல என்னா துன்னீங்க?"

"ஒண்ணுமில்லம்மா, இட்லி."

"இட்லிக்கு இப்டி எரியாது. கேசரிபாத்து."

அவர் பேப்பரை விரித்துக்கொள்வார்.

அவள் கத்தியதால் அவர் கால் பிழைத்தது. ஒவ்வொரு காயமும் அன்றே கழுவப்பட்டது. ஆனால் ஆறு வருடத்தில் பவுலினால் நிற்க முடியாமல் போனது. ஈரச் சாக்கின்மேல் கால்களை வைத்து, உட்கார்ந்தபடியே சமைத்தாள். மதலைமுத்து கேசரிபாத்தை விட்டார். சர்க்கரை இறங்கியது, எரிச்சல் இறங்கவில்லை. 1999 செப்டம்பரில், ஊருக்குள்ளேயே இருந்த மாதா கோயில் திருவிழாவுக்குச் செருப்பில்லாமல் நடந்து வருவதாக நேர்ந்துகொண்டார். அவளுக்கு வலி போகவேண்டும் என்பதுதான் வேண்டுதல்.

"வேணாங்க. செருப்பு போட்டவங்க கேட்டாலும் மாதா குடுப்பாங்க."

"எனக்கு என்னாடி, வலிக்கவா போவுது?" என்றவர், சொன்னபிறகு அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

காவி உடுத்திய கூட்டத்தோடு உச்சிவெயிலில் தார்ச்சாலையில் நடந்தார். வீட்டில் பவுலின் கால்களை வாளித் தண்ணீரில் வைத்துக்கொண்டு அலறினாள். சீதாலட்சுமி தண்ணீரை மாற்றிக்கொண்டே இருந்தாள். அவர் பீடத்தின் முன் மெழுகுவத்தி ஏற்றிய வேளையில் அலறல் பாதியில் நின்றது. "போயிடுச்சு" என்றாள் பவுலின். எழுந்து தெருமுனைவரை நடந்து அவரை எதிர்கொண்டாள். அன்று இருவரும் நடுத்தெருவில் நின்று அழுதார்கள்.

கோயிலிலிருந்து திரும்பும் வழியில் அவர் வலது பாதத்தில் பாட்டில் கண்ணாடி ஏறியிருந்தது. கத்துவதற்கு இப்போது யாருமில்லை. சில நாட்களில் வீட்டில் நாற்றம் வந்தது. எலி செத்திருக்கும் என்று கட்டிலை நகர்த்தித் தேடினார்கள். பீரோவையும் நகர்த்தினார்கள். ஆஸ்பத்திரியில் அவர் வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள்.

அதன்பிறகு தினமும் பவுலின் அவருக்கு இன்சுலின் போட்டாள். மிஞ்சிய இடது பாதத்தை விரலிடுக்குவரை பார்த்தாள். அடுத்த கோடையில், எடுத்த கால் அவருக்கு அரிக்க ஆரம்பித்தது. இல்லாத இடத்தைச் சொறிய வழியில்லை. பவுலின் தன் வலது உள்ளங்காலைச் சொறிந்து பார்த்தாள்.

"இன்னும் கொஞ்சம் கீழ" என்றார் அவர். "ஆங். அங்கதான்."

கடுகு வெடிக்கும் நேரத்தில் அவர் கூப்பிட்டால், அவள் அடுப்பைத் தணித்துவிட்டு உட்கார்ந்து சொறிவாள். பிறகு கையைக் கழுவிக்கொண்டு தாளிப்பைத் தொடர்வாள்.