பாணி நிறக் கோமேதகம்

என் புருஷன் ஜமால்தீனுக்குப் பவுன் மேல் ஆசை என்று மாத்தளைக் கடைவீதியில் ஒரு பேச்சு உண்டு. அது சுத்தப் பொய். புதுப் பவுனை அவர் ஏறெடுத்தும் பார்க்கமாட்டார். யாரோ ஒரு மனுசி போட்டு, தேய்த்து, வியர்வையில் நனைத்து, கடைசியில் கழற்றி வைத்துவிட்டுப் போன நகை என்றால்தான் அவர் கண்ணில் வெளிச்சம் வரும். ஏலமும் மிளகும் வாங்கி விற்கிற மனிதருக்கு இந்தப் பைத்தியம் எதற்கு என்று கேட்காத சொந்தக்காரர் இல்லை. நான் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டேன்.

மாணிக்கவாசகம் பத்தரின் பட்டறைக்கு உருக்குவதற்கென்று பழைய நகை வந்தால் இவருக்குச் சொல்லி அனுப்புவார். "உருக்கினா எல்லாம் ஒரே மஞ்சள்தான் முதலாளி, இதுக்குப் போய் ஓடி வர்றீங்களே" என்று சிரிப்பாராம். சிரித்தாலும் நெருப்பில் போடாமல் எடுத்து வைப்பார். அப்படித்தான் கண்டிச் சிங்களப் பெரிய வீட்டு அன்னப் பதக்கம் ஒன்று எங்கள் வீட்டுக்கு வந்தது. தேயிலைத் தோட்டத்து ராசம்மாவின் ஒற்றைத் தண்டட்டி வந்தது. மற்ற காதுத் தண்டட்டி எங்கே போனது என்று ராசம்மாவுக்கே தெரியவில்லை. லக்கலையில் காடு வெட்டிச் சேனை போட்ட ஒருவர் மழைக்குப் பிறகு மண்ணில் பொறுக்கிய ஒரு பொன்மணியும் வந்தது. அதற்கு எத்தனை நூறு வயதென்று யார் கண்டது? எல்லாம் எங்கள் படுக்கையறை அலுமாரியில் பஞ்சுக்குள் படுத்துக் கிடந்தன.

மத்தியானம் லுஹர் தொழுதுவிட்டு நானும் படுப்பேன். முற்றத்தில் மிளகு காயும். மூன்று மணிக்கு ரிவர்ஸ்டன் மலைப் பக்கமிருந்து பனி இறங்கி, ஜன்னல் வழியாக வந்து, அலுமாரிக் கண்ணாடியை மங்கலாக்கும். அப்போது அவர்கள் வருவார்கள். அன்னப் பதக்கக்காரி கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து தலை வாருவாள். தண்டட்டி போட்டவள் குடிக்கத் தண்ணீர் கேட்பாள். லக்கலை மணிக்காரி பேசுவது எனக்கு ஒரு சொல்லும் விளங்காது, மரியாதைக்காகத் தலையாட்டி வைப்பேன். விழித்துப் பார்த்தால் பக்கத்துக் குவளையில் தண்ணீர் கொஞ்சம் குறைந்திருப்பது போலத் தோன்றும். நான் குடித்ததா, அவர்கள் குடித்ததா? இதை இவரிடம் சொன்னால் இன்னும் நாலு நகை வாங்கி வருவார் என்று சொல்லாமலே இருந்தேன்.

நகை இருந்தும் கனவில் வராதவள் ஒருத்திதான். என் மகள்.

எங்களுக்கு ஒரே பிள்ளை. ஐம்பதாம் ஆண்டு, ஐந்து வயதில், மூன்று நாள் காய்ச்சலில் மௌத்தானாள். நாற்பதாம் நாள் கத்தம் ஓதி முடிந்ததும், "இனிமே அவ பேரை இந்த வீட்டுல யாரும் எடுக்கக் கூடாது" என்றேன். எடுத்தால் நான் உடைந்துவிடுவேன் என்று எனக்குத் தெரியும். இவரும் எடுக்கவில்லை. போட்டோ ஒன்றும் கிடையாது. அதற்கும் நான்தான் காரணம். அவள் இருந்தபோது கண்டியிலிருந்து போட்டோ பிடிக்கிறவர் ஒருவர் வந்தார். இவர் ஆசையாய்ப் புதுச் சட்டை போட்டுப் பிள்ளையை நாற்காலியில் நிறுத்தினார். "உருவம் இருக்கிற வீட்டுக்கு அல்லாஹ்வுடைய மலக்குமார் வரமாட்டாங்க" என்று நான் தூக்கி இறக்கிவிட்டேன். பிள்ளை அழுதது. போட்டோக்காரர் கறுப்புத் துணியை மடித்துக்கொண்டு போனார்.

மிஞ்சியது ஒரு தகர டப்பா. காது குத்தியபோது செய்த அலுக்குத்து அதற்குள் இருந்தது, காது மடலில் வரிசையாகப் போடுகிற குட்டிப் பொன் நகை. அலுமாரியின் அடித்தட்டில், என் கலியாணச் சேலைக்குக் கீழே வைத்தேன். ஐந்தாறு வருஷம் கழித்து ஒருநாள் இவர், "அந்த டப்பாவைக் கொஞ்சம் தா, துணி சுத்தி ஒழுங்காக் கட்டித் தாறேன்" என்றார். முகத்தைத் திருப்பிக்கொண்டு கொடுத்தேன். மறுநாள் திருப்பித் தந்தபோதும் பார்க்காமலே வாங்கி, அதே இடத்தில் வைத்தேன்.

இனி ஒரு கல்லின் கதைக்கு வருகிறேன். ஐம்பத்தைந்தில் றத்தோட்டைக்கு அப்பால் ஒரு தோட்டத்து வெள்ளைக்காரத் துரை தன் ஊருக்குக் கப்பலேறினார். பங்களாச் சாமான்களை ஏலம் போட்டார்கள். ஊரே போய்ப் பியானோ, கண்ணாடி, சாய்வு நாற்காலி என்று அள்ளிக்கொண்டு வந்தது. இவர் கொண்டு வந்தது கட்டைவிரல் நகமளவு ஒரு கல். சுற்றிவரத் தேய்ந்துபோன பொன் விளிம்பு. கல்லின் நிறம் அசல் கித்துள் பாணி, மரத்திலிருந்து இறக்கிக் காய்ச்சிய பாகு நிறம்.

"என்ன அது?" என்றேன்.

"கோமேதகம். பழைய வேலை. உள்ளே ஒரு முகம் வெட்டியிருக்கு."

"யாரு முகம்?"

கல்லை விரலால் துடைத்தார். "யாரோ" என்றார்.

வாங்கி ஒரு தடவை பார்த்தேன். எனக்குத் தெரிந்தது ஒரு குழியும் நாலு கோடும்தான். கோழி கிளறிய மண் மாதிரி இருந்தது. திருப்பிக் கொடுத்துவிட்டேன். ஆனால் அந்த "யாரோ" என் வயிற்றில் தங்கிவிட்டது.

மற்ற நகையெல்லாம் அலுமாரியில் தூங்க, இது மட்டும் அவர் சட்டைப் பையிலேயே இருந்தது. சாயங்காலம் அஸர் தொழுதுவிட்டு ஜன்னலோரம் உட்காருவார். கல்லை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, இப்படிச் சாய்த்து, அப்படிச் சாய்த்துப் பார்ப்பார். பாணி நிற வெளிச்சம் அவர் கன்னத்தில் ஊரும். பிறகு சிரிப்பார். பிள்ளை போனதற்குப் பிறகு என்னைப் பார்த்து அவர் அப்படிச் சிரித்ததில்லை. நான்கு வருஷம் அந்தச் சிரிப்பைச் சமையலறை வாசலில் நின்று பார்த்தேன். குழிக்குள் கிடக்கிற ஒரு வெள்ளைக்காரிக்கு நான் சக்களத்தியா?

பள்ளிவாசல் லெப்பையிடம் உருவத்தைப் பற்றிக் கேட்டனுப்பினேன். "தொழும்போது கண்ணுல படாம மூடி வைச்சாப் போதும்னு ராத்தாக்கிட்ட சொல்லுங்க" என்று பதில் வந்தது. அதை இவர் ஏற்கெனவே செய்துகொண்டுதான் இருந்தார். தொழுமுன் கல்லைக் கைலேஞ்சியில் சுற்றி அடுத்த அறையில் வைப்பார். எனக்கு அது போதவில்லை. இப்போது ஒளிக்க என்ன இருக்கிறது? மார்க்கம் என் வாயில் இருந்தது, பொறாமை வயிற்றில் இருந்தது.

ஐம்பத்தொன்பதில் இவர் வியாபார விஷயமாகக் கொழும்புக்குப் போனார். இரண்டு நாள் வேலை. போகிற அவசரத்தில் சட்டையை மாற்றினார், கல் பழைய சட்டையிலேயே தங்கிவிட்டது. நான் அதை எடுத்துக்கொண்டு பதுர்தீனிடம் போனேன். பதுர்தீன் பேருவளையிலிருந்து வந்து இங்கே பெண் எடுத்தவர், கல் சாணை பிடிக்கிறவர். கல்லைப் பார்த்ததும் அவர் கை நின்றுவிட்டது.

"ராத்தா, இது கண்ணு போக உக்காந்து வெட்டின வேலை. அழிச்சா திரும்பி வராது."

"திரும்பி வரக் கூடாதுன்னுதானே கொண்டு வந்தேன்."

கல்லைக் கோலில் அரக்கு வைத்து ஒட்டினார். சாணை சுழன்றது. பாணி நிறத் தண்ணீர் அவர் விரல் வழியாக ஒழுகிக் கீழே சொட்டியது. கால் மணி நேரத்தில் குழியும் இல்லை, கோடும் இல்லை. வரும் வழியெல்லாம் எனக்கு நடை இலேசாக இருந்தது, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்.

இவர் வந்ததும் முதலில் சட்டையைத் தேடினார். கல்லை எடுத்து ஜன்னலோரம் போனார். வெளிச்சத்துக்குப் பிடித்துச் சாய்த்தார். திருப்பிப் பார்த்தார். வெளிச்சம் எங்கும் நிற்காமல் நேரே போய்ச் சுவரில் விழுந்தது.

"எங்க?" என்றார்.

"பதுர்தீன்கிட்ட குடுத்து அழிச்சிட்டேன். உருவம் இருக்கிற சாமான் வீட்டுல எதுக்கு? இனி நீங்க பள்ளிவாசலுக்கும் கொண்டு போகலாம்."

அவர் கோபப்பட்டால் பதில் சொல்ல நான் பத்து வாக்கியம் தயார் பண்ணி வைத்திருந்தேன். கோபம் வரவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து, கட்டைவிரலால் கல்லைத் தடவிக்கொண்டே இருந்தார். அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

"யாருங்க அவ? இப்பவாச்சும் சொல்லுங்க."

"பொம்பளன்னு நினைச்சியா?" என்று என்னை நிமிர்ந்து பார்த்தார். "நல்லாக் கேளு ஸைனம்பு, அது சின்னப் புள்ள. அஞ்சு வயசு இருக்கும். கடுதாசிக்கு முத்திரை வைக்கிற கல்லு. நேராப் பார்த்தா குழிதான், வெளிச்சத்துக்குச் சாய்ச்சா நிழலாத் தெரியும். சூடான அரக்குல அழுத்தினா முகம் முழுசா எழும்பி வரும்." பிறகு குரல் இறங்கிவிட்டது. "நம்ம புள்ள மாதிரி இருந்துச்சு."

சுவரைப் பிடித்துக்கொண்டேன்.

"ஏன் எனக்குச் சொல்லல்ல?"

"பேரை எடுக்காதீங்கன்னு நீதானே சொன்ன."

கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பார்களே, அப்படி அவர் சட்டையைப் பிடித்துக் கேட்டேன். "அரக்குல அழுத்தினது எங்கயாச்சும் இருக்கா? ஒண்ணே ஒண்ணு?"

அவர் சட்டையை என் கையிலிருந்து விடுவித்துக்கொண்டார். "இல்ல" என்றார்.

அதற்குப் பிறகு மூன்று நாள் அவர் கடைக்குப் போனார், வந்தார். கல் ஜன்னல் கட்டையில் அநாதையாகக் கிடந்தது. பகலில் படுத்தேன், பனி வந்தது, அவர்கள் வரவில்லை. அன்னப் பதக்கக்காரியும் இல்லை, தண்ணீர் கேட்கிறவளும் இல்லை. குவளையில் தண்ணீர் ஊற்றியபடி நிறைந்து நின்றது. என் முகத்தில் விழிக்க அவர்களுக்கும் பிடிக்கவில்லை போலும்.

நான்காம் நாள் ஒரு முடிவுக்கு வந்தேன். இவர் கையிலிருந்ததை நான்தான் பிடுங்கினேன், நான்தான் ஒன்று கொடுக்க வேண்டும். பிள்ளையின் அலுக்குத்தை எடுத்து அவர் உள்ளங்கையில் வைக்கலாம். கல்லைத் தடவுவதற்குப் பதிலாக அதைத் தடவட்டும். ஒன்பது வருஷத்துக்குப் பிறகு முதல் தடவையாக, முகத்தைத் திருப்பாமல் கலியாணச் சேலையைத் தூக்கி டப்பாவை எடுத்தேன். வெள்ளைத் துணி சுற்றி, நூல் போட்டு இறுக்கிக் கட்டியிருந்தது. முடிச்சின் மேல் சிவப்பாய் ஒரு கட்டி. நூல் கையால் அவிழவில்லை. பாக்குவெட்டியைக் கொண்டு வந்து முடிச்சுக்கும் அந்தச் சிவப்புக் கட்டிக்கும் இடையில் நுழைத்தேன்.

அப்போது ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழுந்தது. சிவப்பில் ஒரு கன்னம் எழும்பியது.

உப்பிய கன்னம். பட்டன் போல ஒரு மூக்கு. காதுக்கு மேல் ஒரு சுருள் முடி. ஏதோ கேட்க நினைத்துக் கேட்காத மாதிரி ஒரு வாய். பாக்குவெட்டியின் வாய் அந்தக் கழுத்தில் இருந்தது.

"ஸைனம்பு! வேணாம்!"

வாசலில் இவர் நின்றார். கலியாணமான நாளிலிருந்து அந்த மனிதர் குரல் உயர்த்தி நான் கேட்டதில்லை. அடுத்த வீட்டு மஸீனா மதில் மேலால் எட்டிப் பார்த்தாளாம், பிறகு சொன்னாள். "அதையும் அழிச்சிராத" என்றார். கை கூப்பாத குறைதான்.

அவர் ஏன் "இல்ல" என்றார் என்று அப்போது தெரிந்தது. என்னிடமிருந்து ஒளித்துத்தான் அந்த ஒரு முகத்தைக் காப்பாற்றி வைத்திருந்தார். அதுவும் என் சேலைக்குக் கீழேயே.

பாக்குவெட்டியை மெதுவாக, மெதுவாக வெளியே எடுத்தேன். டப்பாவை மடியில் வைத்துப் பார்த்தேன். அவர் பக்கத்தில் வந்து தரையில் உட்கார்ந்தார்.

"அவ மாதிரி இருக்குதானே?" என்றார்.

பொய் சொல்லியிருக்கலாம். சொல்ல முடியவில்லை. "எனக்குத் தெரியல்லங்க" என்றேன். "அவ முகம் எனக்கு மறந்து போச்சு. எத்தனையோ வருஷமாச்சு. கண்ண மூடினா சட்டை வருது, கை வருது, அழுகைச் சத்தம் வருது, முகம் வரமாட்டேங்குது. பெத்த உம்மா சொல்ற பேச்சா இது?"

அவர் என்னைத் திட்டவில்லை. டப்பாவின் மேல் விரலை வைக்கப் போய், வைக்காமல் எடுத்துக்கொண்டார்.

"எனக்கும்தான்" என்றார். "ஏலத்துக்குப் போன அன்னைக்கே எனக்கு அவ முகம் ஞாபகத்துல இல்ல. அதாலதான் வாங்கினேன்."

முதலில் யார் அழுதோம் என்று தெரியாது. முதலில் பேரைச் சொன்னது நான்தான், அது நிச்சயம். "ஸரீனா" என்றேன். அவரும் சொன்னார். ஒன்பது வருஷம் பூட்டிக் கிடந்த சொல், துருப்பிடிக்காமல் இருந்தது. பனி வந்து அலுமாரிக் கண்ணாடி மங்கும்வரை அவளைப் பற்றியே பேசினோம். அவள் மிளகைக் கடித்துவிட்டு ஓடி வந்தது, தோடு வேண்டாம் என்று காது குத்தியவரின் கையைக் கடித்தது, போட்டோவுக்காக அழுதது.

டப்பாவை நாங்கள் திறக்கவில்லை. திறந்தால் முகம் உடையும். வெயில் படாத தட்டில், அன்னப் பதக்கத்துக்கும் லக்கலை மணிக்கும் நடுவில் வைத்திருக்கிறோம். இப்போது பகலில் அவர்கள் திரும்பவும் வருகிறார்கள். கூட்டத்தில் ஒரு சின்னப் பிள்ளையும் வருகிறது. தண்ணீர் கேட்பதில்லை, தண்டட்டிக்காரியின் மடியில் ஏறி அந்தத் தண்டட்டியைப் பிடித்து ஆட்டுகிறது. முகம் சில நாள் அரக்கு முகம், சில நாள் வேறு முகம். எதுவானாலும் அது என் பிள்ளைதான், யாரும் எனக்குச் சொல்லித்தர வேண்டாம்.

தொழுகை நேரத்தில் டப்பாவின் மேல் அவர் ஒரு துணியைப் போட்டு மூடுவார். சலாம் கொடுத்து முடிந்ததும் அந்தத் துணியை எடுப்பது என் வேலை. எனக்கு முந்தி அவர் எடுத்துவிட்டால் அன்றைக்கு முழுவதும் அவரோடு பேசமாட்டேன்.