டெஸ்டர் ஐயா

வரதனை நேரில் பார்த்த யாரும் அவனை ஐயா என்று கூப்பிட்டதில்லை. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு கம்பி உருட்டும் ஆலையில் கான்ட்ராக்ட் எலக்ட்ரீஷியன். பதினோரு வருஷமாக அதே ஆலை, அதே கான்ட்ராக்ட். மேலே இருப்பவர்களுக்கு அவன் 'ஏய் வரதா'. கூட வேலை செய்பவர்களுக்கு 'இன்னா மச்சி'. வீட்டில் செல்விக்கு 'ஏங்க'. கோபம் வந்தால் அதுவும் கிடையாது. அவனை ஐயா என்று கூப்பிட்டது இன்டர்நெட் ஒன்றுதான்.

'கருவிப்பெட்டி' என்று ஒரு தமிழ்க் குழுமம். மோட்டார் ஓடவில்லை, மிக்ஸி புகைகிறது, மீட்டர் தாறுமாறாகச் சுற்றுகிறது என்று ஊர் உலகத்தில் இருப்பவர்கள் எல்லாம் வந்து புலம்புகிற இடம். வரதன் அங்கே 'டெஸ்டர்' என்ற பெயரில் பதில் எழுதினான். சட்டைப் பையில் எந்நேரமும் இருக்கிற, கரண்டு இருக்கிறதா என்று பார்க்கிற சாமானின் பெயரையே வைத்துக்கொண்டான், அதற்கு மேல் யோசிக்கவில்லை. இரண்டு வருஷத்தில் அறுநூற்றுச் சொச்சம் பதில்கள். 'டெஸ்டர் ஐயா வந்து சொல்லட்டும்' என்று ஆட்கள் காத்திருக்கும் அளவுக்கு வளர்ந்துவிட்டான்.

எழுதுவது ஒன்றும் லேசில்லை. ஸ்டேஷன் பக்கத்தில், ரீசார்ஜ் கடைக்கு மேலே, அஸ்கர் அலியின் பிரவுசிங் சென்டர். அங்கே கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டால் முந்தின நாள் இறக்கிய தமிழ் எழுத்தெல்லாம் காணாமல் போய், திரையில் கட்டம் கட்டமாக நிற்கும். தினமும் முதல் கால் மணி நேரம் அதற்கே சரி. பத்து வரி அடித்து முடிக்கும்போது கரண்டு போகும். இது 2008, அத்திப்பட்டில் ராத்திரி பகலாகக் கரண்டு தயாராகிறது, கூப்பிடு தூரத்தில் இருக்கிற கும்மிடிப்பூண்டியில் கரண்டு இல்லை. இந்த அநியாயத்தை யாரிடம் போய்ச் சொல்வது? வரதன் யாரிடமும் சொல்லவில்லை. கரண்டு வந்ததும் பத்து வரியையும் திரும்ப அடிப்பான்.

அன்று செவ்வாய்க்கிழமை. பள்ளிப்பட்டுப் பக்கம் கரும்பு வைத்திருக்கும் கோபால் என்பவருக்கு ஒரு மோட்டார் விஷயமாகப் பாதி பதில் சொல்லியிருந்தான். புதிதாகச் செம்புக் கம்பிக் காயில் சுற்றிய மோட்டார், உறுமுகிறதே தவிர ஓடவில்லை. மூன்று காயிலில் ஏதோ ஒன்றைத் தலை வால் மாற்றிக் கட்டியிருக்கிறார்கள் என்பது வரதனுக்குப் படித்தவுடனே புரிந்துவிட்டது. 'முதலில் ஆறு வயரையும் பிரித்து ஜோடி ஜோடியாகக் கட்டி வையுங்கள். எது தலை, எது வால் என்று கண்டுபிடிப்பதை நாளைக்குச் சொல்கிறேன்' என்று எழுதியிருந்தான். மறுநாள் உட்கார்ந்து பாஸ்வேர்டு அடித்தால், உள்ளே விடவில்லை. சிவப்பில் ஒரு அறிவிப்பு வந்தது.

'டெஸ்டர், மின்னல் ஆகிய இரு பெயர்களும் ஒரே இணைய இணைப்பு எண்ணிலிருந்து வருகின்றன. தானே கேள்வி கேட்டு, தானே பதில் சொல்லி, தானே நன்றி கூறி நட்சத்திர மதிப்பெண் சேர்த்த இந்த உறுப்பினர் நீக்கப்படுகிறார்.'

வரதன் எழுதிய அறுநூறு பதிலுக்கும் கீழே, ஒன்று விடாமல், 'போலி உறுப்பினர்' என்று ஒட்டியிருந்தார்கள். கோபாலின் கேள்விக்குப் போய்ப் பார்த்தான். உள்ளே எழுதத்தான் முடியாது, வெளியே நின்று படிக்கலாம். 'ஆறு வயரையும் பிரிச்சுட்டேன் ஐயா. அடுத்து?' என்று காலையில் எழுதியிருந்தார் கோபால். அதற்குக் கீழே, சாயங்காலம்: 'போலின்னு போட்டிருக்கே? நான் பிரிச்சுட்டேனே!'

தெரியாத ஒருவன் கழற்று என்றான், கழற்றிவிட்டார். இப்போது வயலில் தண்ணீர் இல்லை. பள்ளிப்பட்டுப் பக்கம் என்பதற்கு மேல் கோபாலின் ஊரும் தெரியாது, நம்பரும் தெரியாது. முகவரி, போன் நம்பர் எதையும் போடக் கூடாது என்பது அங்கே சட்டம். ஒரு தடவை வரதன் கேட்டதற்கே, குழுமத்தைக் கண்காணிக்கும் நெறியாளர் அந்த வரியை அழித்துவிட்டார். யாராவது அரைகுறை ஆள் வந்து குருட்டாம்போக்கில் கட்டிவிட்டால் காயில் மறுபடி புகைந்துவிடும். அந்தப் பழியும் டெஸ்டர் தலையில்தான் விழும்.

நெறியாளர் எந்த நாட்டில் உட்கார்ந்திருக்கிறார் என்பது யாருக்கும் தெரியாது. அவருக்கு மெயில் போட்டான். 'இந்த மெயிலும் அதே எண்ணிலிருந்துதான் வருகிறது' என்று பதில் வந்தது. அட ராமா, பின்னே எங்கேயிருந்து வரும்? ஒரு ஒயரில் பத்து கம்ப்யூட்டர், பத்து கம்ப்யூட்டரில் ஊரே உட்கார்ந்திருக்கிறது. இது அவருக்கு எப்படிப் புரியும்? அவர் வீட்டில் ஆளுக்கொரு லைன் இருக்குமோ என்னவோ. வியாழக்கிழமை ஆலைக்கு வார லீவு. காலையிலேயே திருவள்ளூருக்கு பஸ் ஏறி, அங்கே ஒரு சென்டரில் உட்கார்ந்து, புதுப் பெயரில் சேர்ந்து, கோபாலுக்கு அடுத்த பாதியை எழுதினான். புது உறுப்பினரின் முதல் பதிவை நெறியாளர் பார்த்த பிறகுதான் விடுவார்களாம். அவர் பார்த்தார். 'எழுத்து நடை தெரிகிறது. வேறு ஊருக்குப் போய் மூன்றாவது வேடம் போட்டாலும் தப்ப முடியாது' என்று எழுதி அதையும் நீக்கினார்.

"இன்னா, காசா பணமா? வேற கும்பல்ல போய் சேரு" என்றாள் செல்வி. கேலியாகத்தான் சொன்னாள். சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்த அவன் முகத்தைப் பார்த்ததும் குரல் இறங்கிவிட்டது. "சரி, அந்த மின்னலு யாருன்னாச்சும் பாரேன். அவன் வந்து நான் வேற ஆளுன்னு சொல்லட்டும்" என்றாள்.

எட்டு மாதமாக வாரா வாரம் டெஸ்டரிடம் கேள்வி கேட்கிறவர் மின்னல். பணிவென்றால் அப்படியொரு பணிவு. 'ஐயா, தங்கள் ஆலோசனைக்குக் கடமைப்பட்டுள்ளேன்' என்றுதான் முடிப்பார். அவரும் இதே சென்டருக்குத்தான் வந்து போயிருக்கிறார் என்றால், அஸ்கர் அலியின் நோட்டில் இருக்க வேண்டும். போலீஸ் உத்தரவு: யார் வந்தாலும் பேர், நேரம், கேபின் நம்பர் எழுதியாக வேண்டும். பழவேற்காட்டுக்காரரான அஸ்கர் அலி அதில் கறார். சொந்த மச்சான் வந்தாலும் எழுத வைப்பார்.

அன்று சாயங்காலமே நோட்டைக் கேட்டான் வரதன். "இன்னாத்துக்கு பாய் பேஜாரு, யார் ஊட்டு வம்பும் நமக்கு வாணாம்" என்றார் அஸ்கர் அலி. விஷயத்தைச் சொன்னதும் மனம் இளகி நோட்டைத் தள்ளினார். மின்னலின் கேள்விகள் எல்லாமே வியாழக்கிழமை, ஏழு மணிக்கு மேல். லீவு நாள் என்பதால் வரதன் வழக்கமாக சென்டர் பக்கம் வராத கிழமை. நோட்டில் வியாழக்கிழமை, ஏழு மணிக்கு மேல், ஆறாம் கேபின், வாரம் தவறாமல் ஒரே கையெழுத்து. அந்தக் கையெழுத்தை வரதன் தினமும் பார்க்கிறான். அவனுடைய வருகைச் சீட்டில் அதுதான் விழும். குப்புராஜ், மெயின்டனன்ஸ் இன்ஜினீயர்.

அப்போதுதான் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. 'ஒரு ஆலையில் தினம் மூன்று மணிக்கு மோட்டார் நின்றுவிடுகிறது ஐயா' என்று மின்னல் கேட்டதும், சூட்டில் கேபிள் முனை இளகியிருக்கும், முறுக்கிப் பாருங்கள் என்று டெஸ்டர் சொன்னதும், மறுநாள் காலை குப்புராஜ் சார் வந்து "ஏய் வரதா, அந்த கேபிளை டைட் பண்ணு" என்று அதட்டியதும். தான் சொன்ன யோசனையைத் தானே ஸ்பேனரால் முறுக்கிவிட்டு, 'பரவால்ல, நம்ம சாருக்கும் விஷயம் தெரியுது' என்று வீட்டில் வந்து பெருமையாக வேறு சொல்லியிருந்தான். இப்படியும் ஒரு அப்பாவியா என்று கேட்காதீர்கள். மின்னல் கேட்டது வேறு ஏதோ ஆலைக்கு என்று நினைத்துவிட்டான், அந்த வட்டாரத்தில் கம்பி ஆலைகளுக்குக் குறைச்சலா என்ன?

ஏழு மணிக்குக் குப்புராஜ் படியேறி வந்தார். ஊத்துக்கோட்டைப் பக்கத்து ஆள், நாற்பத்தைந்து வயது, ஆலையில் குரலாலேயே நடமாடுகிறவர். வரதன் எழுந்து நின்றான். கேட்காமல் போய்விட்டால் கோபாலின் கரும்பு காயும் என்ற நினைப்பு மட்டும் இல்லையென்றால் அவன் வாயே திறந்திருக்க மாட்டான்.

"சார், நீங்கதான் மின்னலா?"

குப்புராஜ் திடுக்கிட்டுச் சுற்றும் முற்றும் பார்த்தார். "ஒனக்கு யாரு சொன்னா? அந்த டெஸ்டர்னு ஒரு பெரியவரால வந்த வெனைடா. அவரும் நானும் ஒரே ஆளாம், தூக்கிட்டோம்னு மெயில் போட்டானுங்க."

"நான்தான் சார் டெஸ்டரு."

குப்புராஜ் பிளாஸ்டிக் நாற்காலியில் அப்படியே உட்கார்ந்தார். அவனை மேலும் கீழும் பார்த்தார். அவனுடைய சட்டைப் பையைப் பார்த்தார். "நானு அவரு யாரோ ரயில்வேல ரிட்டையரான ஆபீசருன்னு நெனச்சிக்கினு இருந்தேன்" என்றார் கடைசியில். கோபப்பட வேண்டியவர் யார், வெட்கப்பட வேண்டியவர் யார் என்று இரண்டு பேருக்குமே தெரியவில்லை. அஸ்கர் அலிதான் டீ சொன்னார்.

டீ வந்ததும் குப்புராஜ் பழையபடி இன்ஜினீயர் ஆகிவிட்டார். "இதுக்கு ஏன் ஒப்பாரி? ஆளுக்கொரு புதுப்பேரு போட்டுக்கலாம், வுடு" என்றார். வரதன் கோபால் கதையைச் சொன்னான். ஆறு வயரும் பிரிந்து தொங்குவதைச் சொன்னான். திருவள்ளூர் போய் வந்ததைச் சொன்னான். கடைசியாக, மறுபடி மன்றாடியதற்கு நெறியாளர் அன்று சாயங்காலம் போட்டிருந்த மெயிலைக் காட்டினான்: இருவரும் வேறு வேறு ஆட்கள் என்றால், வேலை செய்யும் இடத்துக் கடிதத்தாளில், பொறுப்பான ஒருவர் கையெழுத்தோடு எழுதி அனுப்பவும்.

வரதனுக்குத் தெரிந்த பொறுப்பான ஒருவர் எதிரே டீ குடித்துக்கொண்டிருந்தார். அவருக்கும் அது புரிந்தது. பையைத் திறந்து ஆலையின் கடிதத்தாள் ஒன்றை எடுத்தார், தயங்கித் தயங்கி எழுதினார், வரதன் பக்கம் திருப்பினார்.

'எங்கள் ஆலைப் பொறியாளர் குப்புராஜின் மேற்பார்வையில், அவருடைய வழிகாட்டுதலின்படி, தொழிலாளி வரதன் பதில்களை எழுதிவந்தார்.'

வரதன் இரண்டு தடவை படித்தான். பதினோரு வருஷத்தில் மேலே இருப்பவர் எழுதிய தாளை அவன் திருப்பிக் கொடுத்ததில்லை. அன்று கொடுத்தான்.

"இப்டி எழுதினா அந்தாளு சொன்னது கரெக்டாயிடும் சார். கேட்டதும் நீங்க, சொன்னதும் நீங்கன்னு ஆவுது. ஒரே ஆளுதான்னு ஆயிடும்."

குப்புராஜின் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. ஆனால் டெஸ்டர் சொல்லி ஓடிய அந்த மூன்று மணி மோட்டாருக்காக மேனேஜர் அவர் தோளைத் தட்டிக்கொடுத்ததை ஆலையே பார்த்தது. டீ கிளாஸைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு முதல் தாளைக் கசக்கிப் பையில் போட்டுக்கொண்டு, இன்னொரு தாள் எடுத்தார். இந்தத் தடவை தயங்காமல் எழுதினார்.

'டெஸ்டர் என்பவர் திரு. வரதன். மின்னல் என்பது நான். எட்டு மாதமாகக் கேட்டது நான், சொன்னது அவர். அவர் சொன்னபடிதான் எங்கள் ஆலையில் மோட்டார்கள் ஓடுகின்றன. அவர் வேறு, நான் வேறு.'

கீழே கையெழுத்து, பதவி, தேதி. அஸ்கர் அலி அதை ஸ்கேன் செய்து அனுப்பினார். தாளைத் திருப்பி நீட்டியபோது குப்புராஜ் வாங்கி மடித்தார், மடித்ததை வரதனிடம் கொடுத்தார். "வெச்சுக்கோ. யார்னா கேட்டா காட்டு" என்றார். வரதன் வாங்கிப் பத்திரமாக வைத்துக்கொண்டான்.

மறுநாள் சாயங்காலம் சிவப்பு எழுத்து போயிருந்தது. மன்னிப்பு கின்னிப்பு ஒன்றும் இல்லை, 'சரிபார்க்கப்பட்டது' என்று ஒற்றை வார்த்தை. வரதன் முதல் வேலையாகக் கோபாலுக்குத் தலை எது வால் எது என்று கண்டுபிடிக்கும் முறையை எழுதினான். பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டுக்கொண்டு குப்புராஜ் உட்கார்ந்திருந்தார். சந்தேகம் இருந்ததாம், கேட்டுக்கொண்டார்.

சனி, ஞாயிறு பதில் இல்லை. வரதனுக்குச் சோறு இறங்கவில்லை. திங்கட்கிழமை ஷிப்ட் முடிந்து, இரண்டு பேருமாகப் போய்ப் பார்த்தார்கள். கோபால் எழுதியிருந்தார்.

'டெஸ்டர் ஐயா, மோட்டார் ஓடுது. தண்ணி பாயுது. உங்க பேருக்குக் கீழ போலின்னு போட்டிருந்தத பாத்து பயந்துட்டேன். ஊர்ல வயரிங் பண்றவர் ஒருத்தர், எவனோ சொன்னான்னு பிரிச்சியா, குடு நான் கட்றேன்னார். குடுக்கல. நீங்க எனக்கு எழுதினத எல்லாம் திரும்பப் படிச்சேன். எழுதின ஒவ்வொரு தடவையும் மொத வரி, ஃபியூஸப் புடுங்கி உங்க பாக்கெட்ல போட்டுக்குங்க, அப்புறம் கை வைங்கன்னு. முகம் தெரியாத நான் செத்தா உங்களுக்கென்ன? போலி ஆள் அதைத் தடவைக்குத் தடவை எழுதமாட்டான். அதான் காத்திருந்தேன்.'

வரதன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். மறைக்கவில்லை. குப்புராஜ் ஸ்டூலில் இருந்தபடியே எட்டி அதை முழுசாகப் படித்தார்.

"எனக்கும் அதே மொத வரிதான் எழுதின" என்றார். "எட்டு மாசம். பிளான்ட்லயும் தெனம் எல்லார்கிட்டயும் அதையேதான் சொல்லிக்கினு கெடப்ப, ஃபியூஸப் புடுங்கு, ஃபியூஸப் புடுங்குன்னு. நானும் காதுல வாங்கிக்கினுதான் போவேன். அந்த ஆளு நீதான்னு தெரியலையே நைனா."

"இப்ப தெரிஞ்சுதில்ல சார்" என்றான் வரதன்.